ஊசிக்கண்ணி: பதிப்பு விவரம்

படிவத்தில் பன்னிரண்டு கட்டங்கள்.
பெயர்: ஊசிக்கண்ணி.
வகை: சித்திரக்கதை. இடம்: தஞ்சோங் பகார், சிங்கப்பூர்.
ஆண்டு என்ற கட்டத்தில்
பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு
தே-ஓ வாங்கப் போனேன்.

முதல் இதழ், முப்பது காசு.
மசூது அச்சகத்தில்
ஒரு கல்யாணப் பத்திரிகைக்கும் ஓர் இரங்கல் தாளுக்கும் நடுவே
இயந்திரம் சும்மா கிடந்த நாலு மணி நேரத்தில் அடித்தது.
கதையும் கையெழுத்தும் அ. பிலோமினா.
படம் தியோ பூன் லியாங்,
சினிமாத் தட்டி வரைந்தவர், தமிழ் வாசிக்கத் தெரியாதவர்.
வட்டங்களை முதலில் போட்டுவிடுவார்,
பேச்சுதான் பிறகு உள்ளே நுழைய வேண்டும்.
"கண்டுபிடித்துவிட்டேன்" என்ற ஒற்றைச் சொல்
வட்டத்தைக் கிழித்துக்கொண்டு
வில்லனின் காது வரை போகிறது.

அவளுக்குப் பறக்கத் தெரியாது.
காலாங் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு;
நுண்ணோக்கிமேல் குனிந்து
முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச்
சில்லில் ஒட்டுகிறவள்.
ஒரு விடியலில் கண்ணை எடுத்த பின்னும்
எல்லாம் பெரிதாகவே தெரிந்தது.
அவ்வளவுதான் சக்தி.
கள்ள நோட்டில் ஒரு கோடு குறைவு,
கடத்தல்காரன் நகக்கண்ணில் அபின் தூள்,
அடுக்குமாடித் தூணில்
அடுத்த வாரம் விரியப்போகும் கீறல்.

முதல் இரண்டு இதழ்களில் மேலங்கி சிவப்பு.
மூன்றில் நீலம்: சிவப்பு மை
தேர்தல் சுவரொட்டிக்குப் போய்விட்டது.
பதினொரு கடிதம் வந்ததாம், ஏன் ஏன் என்று.
நான்கில் காரணம் கதையாகிவிட்டது:
தீப்பிடித்த கடைவீட்டில் ஒரு குழந்தைக்குப்
போர்த்திவிட்டு வந்தாள் சிவப்பை.
ஐந்தில் எண்ணெய் விலை ஏறி, காகிதம் ஏறி,
வண்ணமே இல்லை. ஐம்பது காசு.
அதற்கு யாரும் காரணம் கேட்கவில்லை.
(கேள்விக்குறியை அழித்து ஆண்டை எழுதினேன்.)
ஆறில் முழுப்பக்கம் தலைவலித் தைலம்,
அவளே பிடித்துக்கொண்டு நிற்கிறாள்,
கொஞ்சம் வெட்கத்தோடு.

ஏழு: தோ பாயோ, பன்னிரண்டாம் மாடி,
கைப்பிடிச் சுவரில் ஒரு கால்.
தொடரும்.

எட்டு இல்லை.

அவளைப் பற்றி எழுதியவர்கள் இரண்டே பேர்.
இருவரும் வியப்பது சொற்சிக்கனத்தை.
முதல் இதழில் வாய் ஓயாதவள்
ஏழில் "நில்" என்கிறாள், "போ" என்கிறாள்,
"தெரியுது" என்று ஒருமுறை.
நவீனத்துவம் என்கிறார் ஒருவர்,
மௌனத்தின் அரசியல் என்கிறார் மற்றவர்.
நானும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன்.

அளவு என்ற கட்டத்துக்காகத்தான் அடிக்கோலை எடுத்தது.
பக்கத்தின் உயரத்தை அளந்த கை
சும்மா எழுத்தையும் அளந்து பார்த்தது.
முதல் இதழில் இரண்டு மில்லிமீட்டர்,
துதிக்கை வைத்த பழைய லைகூட அதில் பிசகவில்லை.
மூன்றில் மூன்று.
ஐந்தில் நாலரை, வரி சாய்கிறது.
ஏழில் ஏழு. ண-வுக்குச் சுழி ஒன்று கூடிப்போச்சு.
வட்டங்கள் மட்டும் அதே அளவு.
எழுத்து பெருக்கப் பெருக்க
பேச்சு சுருங்கியிருக்கிறது.

பின்னட்டையில், முகவரிக்கும் கீழே,
யார் கண்ணிலும் படாத பொடி அச்சில்:
"ஆசிரியை நுண்ணோக்கிப் பிரிவிலிருந்து
பொட்டலப் பிரிவுக்கு மாற்றப்பட்டுள்ளார்.
வாசகர்கள் பெரிய எழுத்தில் எழுதவும்."

திரும்பவும் ஏழைப் புரட்டினேன்.
கடைசிப் படத்தில், சுவருக்கும் வானத்துக்கும் நடுவே,
தமிழ் வாசிக்கத் தெரியாத தியோ
ஒரு வட்டம் போட்டிருக்கிறார், பாதிப் பக்கத்துக்கு.
உள்ளே ஒன்றும் இல்லை.

குறிப்பு என்ற கட்டம்
எழுபது எழுத்துக்கு மேல் ஏற்காது.
சொற்சிக்கனத்தை அடித்தேன்.
பன்னிரண்டாவது கட்டம் கேட்டது:
அச்சுக் குறைபாடு உண்டா?

இல்லை.